இரட்டைப் பெண்கள், எல்லாமே இரண்டிரண்டு, அப்படியும் சண்டை: மழைக்காலத்தை எப்படி ஓட்டுவது?

தாமுவே அம்மா (ரங்கூன்):

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு இரட்டைப் பெண்கள், எட்டு வயசு. ஒரே அச்சு. பின்னாலிருந்து கூப்பிட்டால் நானே பெயரை மாற்றிக் கூப்பிட்டுவிடுவேன். தாமுவேயில் நாலாம் மாடியில் இருக்கிறோம். மழை பிடித்துவிட்டது. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும் வரை இரண்டும் இந்த இரண்டு அறைக்குள்தான்.

சண்டை வரக் கூடாதென்று எதை வாங்கினாலும் இரண்டாக வாங்குவது என் பழக்கம். ஒரே நிறம், ஒரே அளவு, ஒரே விலை. குடை இரண்டு, சாப்பாட்டு அடுக்கு இரண்டு, சீப்புகூட இரண்டு. போன வாரம் இரண்டு பச்சைக் குடையில் எது யாருடையது என்று ஒரு மணி நேரம் அழுகை. ஒன்றின் கைப்பிடியில் சிவப்பு நூல் கட்டினேன். மறுநாள் காலையில் நூல் அடுத்த குடைக்குப் போயிருந்தது. மாற்றியது யார் என்று அதற்கொரு சண்டை.

இதில் வேடிக்கை என்னவென்றால், திங்ஜான் தண்ணித் திருவிழா முடியும் வரை ஒரு சத்தம் இல்லை. கீழே தெருவில் ஒரே வாளி, ஒரே கிண்ணம். ஒருத்தி மொண்டு கொடுக்க ஒருத்தி ஊற்ற, போகிறவர் வருகிறவர் ஒருவரையும் விடவில்லை. அந்த நாட்கள்தான் எனக்கும் விடுமுறை.

இங்கே இரட்டையராகவே வளர்ந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? மழை, குளிர், வெயில் என்று வருஷம் முழுக்க நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து என்னதான் செய்தீர்கள்? போன், டிவி யோசனை வேண்டாம். கரண்டு எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்?


பெகூ அண்ணாச்சி:

ஒரே நிறத்தில் ஏன் வாங்குகிறீர்கள்? ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். முடிந்தது கதை.


தாமுவே அம்மா:

அதையும் செய்து பார்த்தாச்சு அண்ணா. இரண்டு பேருக்கும் சிவப்புதான் வேண்டுமாம்.


மோல்மேன் மூத்தவள்:

தங்கச்சி, நீங்கள் எழுதியதிலேயே பதில் இருக்கிறது. ஒரே வாளி, ஒரே கிண்ணம், சண்டை இல்லை. நிறத்தை மாற்றி என்ன ஆகப்போகிறது? இரண்டு வாங்குவதையே நிறுத்துங்கள்.

நானும் இரட்டையில் ஒருத்தி. 1975-ல் மோல்மேனில் பிறந்தோம். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினார். மழையில் பால் வெட்ட முடியாது, கிண்ணத்தில் விழுகிற பாலைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் ஜூன் பிறந்தால் எங்கள் வீட்டில் கை இறுகிவிடும். எங்கள் ஊர் மழையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வருஷத்துக்குச் சுமார் 4,800 மில்லிமீட்டர். சென்னையில் வருஷம் முழுக்கப் பெய்வதே 1,400 சொச்சம்தான். எங்களுக்கு ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதத்திலேயே அதைத் தாண்டிவிடும். அப்படிப்பட்ட ஊரில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே குடை.

காற்று ஆற்றுப் பக்கமிருந்து அடிக்கும். குடைக்குள் அந்தப் பக்கம் நடப்பவள் தோளிலிருந்து லுங்கி ஓரம் வரை நனைவாள், இந்தப் பக்கம் நடப்பவள் மகாராணி. ஆகவே ஒரு சட்டம் போட்டோம். வீட்டிலிருந்து புளியமரம் வரை நான் ஆற்றுப் பக்கம், மரத்திலிருந்து பள்ளிக்கூடம் வரை அவள். மரத்தடியில் குடையை விட்டு வெளியே வராமல், கை மாற்றாமல், இடம் மாற வேண்டும். அதுதான் விளையாட்டே. ஒருத்தி காலை ஒருத்தி மிதித்து, புத்தகப் பை மாட்டிக்கொண்டு, சிரித்துச் சிரித்து இரண்டு பேருமே நனைந்துதான் வகுப்புக்குப் போவோம். இரண்டு குடை இருந்திருந்தால் முன்னும் பின்னுமாகப் பேசாமல் நடந்திருப்போம்.

மழைக்காலப் பழம் மங்குஸ்தான். முடோன் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கூடை கூடையாக வரும். பழத்தைத் திருப்பி அடியைப் பாருங்கள், சின்னப் பூ மாதிரி ஒரு முத்திரை இருக்கும். அதில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை. பொய்யே சொல்லாது. ஒரு பழத்தைத் துணியில் மூடி வைத்து, ஒற்றையா இரட்டையா என்று கேட்பது எங்கள் ஆட்டம். இரட்டை என்றால் சரிபாதி. ஒற்றை என்றால் சரியாகச் சொன்னவளுக்கு மிச்சச் சுளை. தோலின் சாறு துணியில் பட்டால் கறை போகாது. எங்கள் சட்டை முன்பக்கமெல்லாம் ஊதாத் திட்டு. அம்மா அதைப் பார்த்தே அன்றைக்கு எத்தனை பழம் உள்ளே போயிற்று என்று சொல்லிவிடுவாள்.

வீட்டுக்குள் அடைந்து கிடக்கிற நாட்களில் கடை விளையாட்டு. சரக்கு ரப்பர் கொட்டை, புளியங்கொட்டை. ரப்பர் கொட்டையைச் சிமெண்டுத் தரையில் பரபரவென்று தேய்த்துச் சூடேற்றிக் கடன் கட்டாதவள் கையில் வைப்போம், அது வட்டி. பணம்தான் நிஜப் பணம்! சிரிக்காதீர்கள். கைக்கடிகாரம் ஒன்று வாங்க வேண்டும், காலையில் அவள் கட்டிக்கொள்வாள், மத்தியானம் நான் என்று இரண்டு பேரும் சில்லறை சேர்த்தோம். தொலைத்துவிடப் போகிறோம் என்று அப்பா அதை ஒரே 75 சாட் நோட்டாக மாற்றிக் கொடுத்தார். 1987 செப்டம்பரில் 25, 35, 75 சாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். மாற்றித் தரவும் இல்லை. அப்பா இரண்டு நாள் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. நாங்கள் அந்த நோட்டைக் கடைக்குக் கொண்டுவந்துவிட்டோம். தெருவில் மற்றப் பிள்ளைகளும் அவரவர் வீட்டில் கிடந்த செல்லாத நோட்டைக் கொண்டுவர, அந்த மழைக்காலம் முடியும் வரை எங்கள் கடையில்தான் வியாபாரம் ஓஹோ. அதற்கப்புறம் அரசாங்கம் 45, 90 என்று புது நோட்டு அடித்தது. ஒன்பதில் வகுபடுகிற எண்ணாக இருக்க வேண்டுமாம். எங்களுக்கு அது வேறு மாதிரித் தெரிந்தது: 90-ஐ மாற்றினால் இரண்டு 45. இரட்டையருக்கென்றே அடித்த நோட்டு.

குளிர்காலத்துக்கு வருகிறேன். தடிங்யுட் விளக்குத் திருவிழா, நம் தீபாவளி எல்லாம் உங்களுக்கும் தெரிந்ததுதான். எங்களுக்கு உயிர் தசௌன்மோன் பௌர்ணமி, நவம்பர் வாக்கில் வருமே, அது. அன்றைக்கு ராத்திரி காக்கை விழிக்கும் முன்னே அடுத்த வீட்டுச் சாமானை இடம் மாற்றி வைக்கிற பழக்கம் இங்கே உண்டல்லவா? திருட்டு இல்லை, குறும்பு. இந்த வீட்டுப் பூந்தொட்டி அந்த வீட்டில், அந்த வீட்டு விளக்குமாறு இந்த வீட்டில். இந்த வேலைக்கு இரட்டையர் மாதிரி ஆள் கிடையாது. ஒருத்தி கிழவியின் வாசலில் உட்கார்ந்து மெஸலி மரத்து மொட்டுச் சாலட்டைத் தின்றுகொண்டே பேச்சுக் கொடுப்பாள், இன்னொருத்தி கொல்லைப்புறம் போவாள். மறுநாள் கேட்டால், "அந்தப் பிள்ளை என்னோடதானே இருந்தது" என்று கிழவியே சாட்சி. எந்தப் பிள்ளை என்று யாரும் கேட்டதில்லை.

தை, மாசி வாக்கில் புத்த மடத்தில் தமனே கிண்டுவார்கள். ஒட்டரிசி, வேர்க்கடலை, எள், தேங்காய், இஞ்சி. பெரிய இரும்புச் சட்டியில் துடுப்பு மாதிரிக் கட்டையால் இரண்டு ஆம்பிளைகள் எதிரெதிரே நின்று கிண்ட வேண்டும், அவ்வளவு பாரம். எங்களுக்கு ஒரே கட்டை கொடுத்து, அடியை நீ பிடி, நுனியை நீ பிடி என்பார்கள். ஒரு சுற்றுக்கு மேல் ஓடாது. ஆனால் சட்டி சுரண்டுகிற உரிமை எங்களுக்கு. பொங்கல் அடிப்பிடித்தால் அம்மா திட்டுவாள், தமனே அடிப்பிடித்தால்தான் ருசி.

வெயில் காலத்தில் காலையில் தனாக்கா, முகத்தில் பூசுகிற மரப்பட்டைக் குழம்பு. ஒரே கட்டை, ஒரே கல். ஒருத்தி தண்ணீர் விட ஒருத்தி அரைப்பாள். அடையாளத்துக்காக அம்மா எனக்கு இலை மாதிரியும் அவளுக்கு வட்டமாகவும் கன்னத்தில் பூசி அனுப்புவாள். பள்ளிக்கூடக் குழாயடியில் இரண்டையும் கழுவிவிட்டு மாற்றிப் பூசிக்கொள்வோம். வாய்ப்பாடு எனக்கு வரும், அவளுக்கு வராது. வட்டம் சொல்லி முடித்து, சற்று நேரத்தில் இலையும் சொல்லும். டீச்சருக்கு இரண்டு பிள்ளையும் கெட்டி.

திங்ஜானுக்கு முன் முதல் மழை விழுந்தால் படௌக் பூக்கும், நம் வேங்கை மரத்து இனம். ஒரே ஒரு நாள்தான் பூ. அதற்கப்புறம் உருண்டைக் கொழுக்கட்டை, மொன்லோன்யேபோ. ஒட்டரிசி மாவுக்குள் பனைவெல்லம் வைத்துக் கொதிக்கிற தண்ணீரில் போட்டால், வெந்ததும் மிதக்கும். சிலதில் வெல்லத்துக்குப் பதில் மிளகாய். யாருக்கு மாட்டுகிறதோ அவர் அன்றைய கோமாளி. எனக்கு மூன்று வருஷம் தொடர்ந்து மாட்டியது. மூன்றாம் வருஷம் உறைப்பில் மூக்கிலும் தண்ணி, கண்ணிலும் தண்ணி, வாளிக்குள் தலையை விட்டுவிட்டேன். என் ராசி அப்படி.

ராசி என்றதும் ஞாபகம் வருகிறது. எங்களைப் பிரித்தது ஒன்றே ஒன்றுதான். நாங்கள் புதன்கிழமை பிறந்தவர்கள். நான் பதினொன்றே முக்காலுக்கு, அவள் பன்னிரண்டே காலுக்கு. பர்மாக் கணக்கில் பிறந்த கிழமைப்படிதான் பெயர் எழுத்து, மிருகம், பகோடாவில் மூலை எல்லாம். அதில் புதன் காலை வேறு, புதன் மதியம் வேறு, அது ராகு. அதனால் பர்மியப் பெயரில் எனக்கு லகர வரிசை, அவளுக்கு யகர வரிசை. நான் ஹ்லா ஹ்லா, அழகு. அவள் யீ யீ, சிரிப்பு. நான் தந்தம் உள்ள யானை, அவள் தந்தம் இல்லாத யானை. சைத்தன்லான் பகோடாவுக்குப் போனால் என் மூலை தெற்கு, அவள் மூலை வடமேற்கு. சேர்ந்து போய்விட்டு, அங்கே பிரிந்து நடக்க வேண்டும். வயசுக்கு ஒன்று கூட்டி, மூலையில் இருக்கிற சிலைக்குக் கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் ஊற்றிவிட்டு நான் சனி மூலை, வியாழன் மூலை தாண்டி அவளிடம் ஓடுவேன். அவள் கடைசிக் கிண்ணத்தை ஊற்றாமல் எனக்காக வைத்திருப்பாள். பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு திரிந்த இரண்டு பேருக்கும் அந்த ஐந்து நிமிஷம் பெரிய பயணம்.

இப்போது அவள் சென்னையில். குடை ஆளுக்கொன்று இருக்கிறது, என்ன பிரயோஜனம்.


தவுங்கூ இளையவள்:

மூத்தவள் அக்கா எழுதியது படிக்க அழகாக இருக்கிறது. ஆனால் "ஒன்று போதும்" என்று சொல்பவர்களைப் பாருங்கள், எப்போதும் மூத்தவர்கள்தான்.

நானும் இரட்டைதான், பத்து நிமிஷம் பிந்தியவள். எங்கள் வீட்டிலும் எல்லாம் ஒன்று. தவுங்கூ குளிர் உங்களுக்குத் தெரியும், காலையில் பனியில் எதிர்வீடு தெரியாது. ஒரே ஸ்வெட்டர், பெரிய அளவு. இரண்டு பேரும் அதற்குள் நுழைந்து ஆளுக்கொரு கை வெளியே விட்டுக்கொண்டு மூங்கில் சாதம் வாங்கப் போவோம். தெருவே நின்று சிரிக்கும். எனக்கும் சிரிப்புதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எனக்கு வந்தது எப்போதும் நூல் பிரிந்த இடது கை. மூங்கிலை உரித்தால் உள்ளே சாதத்தின் மேல் ஒட்டுகிற வெள்ளைச் சவ்வு, அதுதான் ருசி, அது அவளுக்கு. நான் கேட்டதில்லை. கேட்டால் கொடுத்திருப்பாள். கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை, அதுதான் விஷயம்.

போட்டோ எடுக்க ஒரே நல்ல கவுன். அவள் போட்டு எடுத்த பிறகு கழற்றி எனக்குப் போட்டு எடுத்தார்கள். இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்தால் ஒரே ஆள் இரண்டு தடவை நிற்கிற மாதிரி இருக்கும். இன்றைக்கும் அதில் நான் எது என்று எனக்கே சந்தேகம்.

தாமுவே அம்மாவுக்கு என் யோசனை: குடை ஒன்றாக இருக்கட்டும், பழம் ஒன்றாக இருக்கட்டும். ஆளுக்கொரு பால் டின் மட்டும் கொடுங்கள், மூடியோடு. அதற்குள் என்ன இருக்கிறது என்று அடுத்தவள் பார்க்கக் கூடாது, நீங்களும் பார்க்கக் கூடாது. எனக்கு அப்படி ஒன்று பன்னிரண்டு வயசில் கிடைத்தது. உள்ளே ஒன்றுமே இல்லை. காலி டின்தான். தினமும் திறந்து பார்ப்பேன்.


பெகூ அண்ணாச்சி:

நான் இரட்டை இல்லை என்பதால் வாயை மூடிக்கொள்கிறேன். ஆனாலும் காலி டின் நல்ல யோசனை, செலவு இல்லை.


மோல்மேன் மூத்தவள்:

தவுங்கூ தங்கச்சி, நீ எழுதியது ராத்திரி முழுக்க உறுத்தியது. காலையில் சென்னைக்குப் போன் போட்டு என் யீ யீக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன், என்னுடையது, உன்னுடையது இரண்டும். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

அப்புறம் ஆரம்பித்தாள். புளியமரம் பாதித் தூரம் என்று யார் சொன்னது? மரத்துக்கு இந்தப் பக்கம் நூறு அடி, அந்தப் பக்கம் ஏற்றம் முழுக்க. ஐந்து வருஷம் நனைந்தது அவளாம். மங்குஸ்தானைத் துணியில் மூடுவது எப்போதும் நானாம், மூடுவதற்கு முன் திருப்பிப் பார்ப்பேனாம். கொல்லைப்புறம் போய் முள்ளில் கிழித்துக்கொண்டது அவள், கிழவியிடம் உட்கார்ந்து தின்றது நான். எல்லாம் சரிதான். புளியமரம் மட்டும் எனக்கு நிஜமாகவே பாதியில் இருந்ததாகத்தான் ஞாபகம்.

சரிடி, இத்தனை வருஷம் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். "நான் ஏன் திறக்கணும்?" என்கிறாள். "மிளகாய் வைத்த உருண்டையைக் கொஞ்சம் நீளமாக உருட்டி வைத்தது யார் என்று நினைச்சே?"

மூன்று வருஷம்! நான் ராகுவைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வகையில் சரியான ஆளைத்தான் திட்டியிருக்கிறேன்.


தவுங்கூ இளையவள்:

உங்கள் யீ யீ அக்காவை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.


தாமுவே அம்மா:

தாமதமாக எழுதுகிறேன், மன்னியுங்கள். பள்ளிக்கூடம் திறந்து ஆறு வாரம் ஆகிவிட்டது. ஒரு பச்சைக் குடையை அலமாரி மேல் எடுத்து வைத்துவிட்டேன். ஒரே குடையில்தான் போகிறார்கள். எங்கள் தெருவில் புளியமரம் இல்லை, அதனால் மொய்ங்கா நூடுல்ஸ் கடைதான் இடம் மாறுகிற எல்லை. கடை சரியாகப் பாதியில் இருக்கிறதா என்று காலடி வைத்து எண்ணிப் பார்த்தார்கள். இல்லையாம். போகும்போது ஒருத்திக்கு நஷ்டம், வரும்போது அடுத்தவளுக்கு என்று அவர்களே பேசி முடித்துக்கொண்டார்கள். நான் வாயே திறக்கவில்லை.

மொட்டை மாடிக்குப் போக முடியாத நாட்களில் மாடிக் கயிறுதான் விளையாட்டு. பால்காரரும் பேப்பர்காரரும் கீழே கிளிப்பில் மாட்டிவிடுவதை மேலே இழுப்போமே, அந்தக் கயிறு. ஒருத்தி கீழே படிக்கட்டு வாசலில், ஒருத்தி மேலே. சீட்டு எழுதி மாட்டி இழுக்கிறார்கள். நேற்று ஒரு சீட்டு நனைந்து என் கையில் கிடைத்தது. "மேலே என்ன செய்கிறாய்" என்று இருந்தது. அடியில் அடுத்தவள் பதில்: "உனக்குத்தான் இழுத்துக்கொண்டு இருக்கிறேன்".

பால் டின்னும் கொடுத்தாயிற்று. ஒருத்தி டின்னில் ஏதோ கடகடவென்று சத்தம் கேட்கிறது. இன்னொன்றில் சத்தமே இல்லை. திறக்கவில்லை, சத்தியம்.

மங்குஸ்தான் வந்துவிட்டது. நேற்றுப் பழத்தில் ஏழு. சின்னவள் ஒற்றை என்றாள், ஜெயித்தாள். மிச்சச் சுளையை வாயில் போட்டுக்கொண்ட பிறகு என்னிடம் வந்து, அம்மா, இனிமேல் நீங்களே மூடி வையுங்கள் என்றாள். எதற்கு என்று கேட்டதற்குப் பெரியவளைப் பார்த்தாள். பெரியவள் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தாள், முன்பக்கமெல்லாம் ஊதா.